மேல்தண்ணி போகும், அடித்தண்ணி வரும்

"நம்ம கடல்ல ஓதம்னு ஒண்ணு எங்க இருக்கு? ஒரு முழம் ஏறும், ஒரு முழம் எறங்கும். அதைப் பார்த்துத்தான் தூண்டி போடணுமா?" கடலூர்ப் பக்கம் ஆசைக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் நாலு பேர் கூடினால் ஒருவராவது இதைச் சொல்லிவிடுவார். ஓதம் என்றால் கடல் நாள்தோறும் ஏறி இறங்குவது. மற்ற மூவரும் தலையாட்டுவார்கள். நானும் பத்துப் பன்னிரண்டு வருடம் தலையாட்டியிருக்கிறேன். பேச்சில் தப்பு கண்டுபிடிக்கவும் முடியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றத்திலேயே இந்தக் கரையில் நீர்மட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் கூடிக் குறைகிறது. அஷ்டமி வாக்கில் அதில் பாதிகூட இருக்காது. குஜராத்தின் காம்பத் வளைகுடா புனல் மாதிரிக் குறுகிக்கொண்டே போவதால் அங்கே பத்து மீட்டர் அளவுக்குத் தண்ணீர் ஏறி இறங்குகிறது. கடலே எழுந்து மைல் கணக்கில் நடந்து போய்த் திரும்பி வரும். அதைக் கேள்விப்பட்டவனுக்கு தேவனாம்பட்டினம் கடல் காலையிலும் மாலையிலும் ஒரே இடத்தில் நிற்பதாகத்தான் தோன்றும்.

ஆனாலும் அந்தப் பேச்சு எனக்குள் ஒட்டாமலே இருந்தது. என் சொந்த ஊர் கடலூர் முதுநகர், வேலை புதுச்சேரியில். ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் ராடைத் தூக்கிக்கொண்டு உப்பனாற்றங்கரைக்கோ சுண்ணாம்பாற்றுப் பக்கமோ போய்விடுவேன். ஒரே இடம், ஒரே உயிர் இறால், ஒரே முள். ஒரு நாள் அரை மணி நேரத்தில் மூன்று மீன் அடிக்கும். இன்னொரு நாள் காலையிலிருந்து உச்சிவெயில் வரை தூண்டில் நரம்பு அசையாது. மீன் இருக்கிறது என்பது தெரியும், நடு ஆற்றில் மடவை துள்ளிக்கொண்டிருக்கும். அப்படியானால் இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில் மாறியது என்ன? ராசி என்று விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. மீன் பசித்தால் தின்கிற உயிர். அதன் பசிக்கு ஏதோ ஒரு கணக்கு இருக்கத்தான் வேண்டும்.

அதனால் போனில் ஓத நேரம் காட்டும் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டேன். நாலைந்து மாதம் பார்த்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது, அதை இன்றும் நம்பிக்கையோடு சொல்வேன். நம் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றம் காலை எட்டரை, ஒன்பது மணியை ஒட்டியும், இரவு அதே நேரத்தை ஒட்டியும் வரும். வற்று, அதாவது தண்ணீர் முழுக்க இறங்கி நிற்பது, மதியம் இரண்டரை, மூன்று வாக்கில். அதன் பிறகு நாள் ஒன்றுக்கு ஐம்பது நிமிடம் போலத் தள்ளிக்கொண்டே போகும். ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடம் இருப்பதால் வருகிற கணக்கு இது. மாசி மகத்தன்று காலையில் சாமி தீர்த்தவாரிக்குக் கடலுக்கு இறங்கும்போது அலை வழக்கத்தைவிட மேலே வந்து மணலை நனைப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அது பௌர்ணமி ஓதம் என்று அப்போது தெரியாது. சாமியைப் பார்க்கக் கடல் மேலே வருகிறது என்று எங்கள் ஆயா சொல்லியிருந்ததை நம்பியிருந்தேன்.

மணி சொன்னதும் ஆறு சொன்னதும்

2022 ஜனவரி 2, ஞாயிறு. மார்கழி அமாவாசை, அனுமன் ஜெயந்தி. காலையில் கோயில் வேலையெல்லாம் முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உப்பனாற்றங்கரைக்குப் போனேன். முகத்துவாரத்துக்குச் சற்றுத் தெற்கே, எதிர்க்கரையில் சிங்காரத்தோப்பின் படகுகள் தெரிகிற இடம். முந்தைய நவம்பரில்தான் தென்பெண்ணையில் பெருவெள்ளம் போய் மாவட்டமே தத்தளித்திருந்தது. மழை நின்று ஒரு மாதம் ஆகியும் வாய்க்கால்களிலிருந்து நல்ல தண்ணீர் ஆற்றுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. ஆறு தேநீர் நிறத்தில் ஓடியது.

ஆப் சொன்ன வற்று நேரம் இரண்டரை மணியை ஒட்டி. என் திட்டம் நேரானது: வற்று முடிந்து, தண்ணீர் திரும்பி, உள்ளே ஏறத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரத்தில் போட்டால் கொடுவா மீன் அடிக்கும். மூன்று மணிக்குத் தயாராக இருந்தேன். தண்ணீர் திரும்பவில்லை. மூன்றேகால் ஆனது. ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று என் முன்னால் நிதானமாகக் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மூன்றரைக்கும் அதே போக்கு. கடலில் ஏற்றம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், ஆறு மட்டும் இன்னும் கடலுக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறது. போன் பொய் சொல்கிறது, அல்லது நம் ஆட்கள் சொன்னதுபோல இந்தக் கரையில் ஓதத்துக்கு அர்த்தமே இல்லை என்று முடிவு கட்டி, ரீலைச் சுற்றத் தொடங்கினேன். நாலு மணி ஆகப் பத்து நிமிடம் இருக்கும்.

அப்போதுதான் அந்தப் பெரியவர் வந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். கையில் ராடு கிடையாது. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றிய நரம்பு, ஈர மணல் போட்ட டப்பாவில் உயிர் இறால். நான் மூட்டை கட்டுவதைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, இப்பதான் நேரமே வருது, நீ கெளம்புற?"

"தண்ணி இன்னும் திரும்பல பெரியப்பா. வெளியதான் போவுது. பாருங்க." ஆகாயத்தாமரையைக் காட்டினேன்.

அவர் அதைப் பார்க்கவே இல்லை. கரையோரம் குத்தவைத்து உட்கார்ந்தார். ஈயக்குண்டை மட்டும் கட்டி, முள் இல்லாமல், கால் பக்கத்திலேயே ஆழத்தில் இறக்கினார். ஈயம் தரையைத் தொட்டதும் நரம்பைக் கொஞ்சம் தளர்த்தி, ஆள்காட்டி விரல் மேல் போட்டுக்கொண்டு அப்படியே இருந்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. "வா, கையக் குடு" என்றார். நரம்பை என் விரல் மேல் மாற்றிப் போட்டார்.

என் விரலில் கிடந்த நரம்பு கடல் பக்கம் சாயவில்லை. தண்ணீரில் நுழைந்த இடத்தில் மேலோட்டம் அதைக் கொஞ்சம் வடக்கே வளைத்திருந்தது, அது உண்மை. ஆனால் ஈயம் தட்டுகிற தட்டு, தரையில் உருள்கிற அந்தச் சிறு உறுத்தல், தெற்கே, ஆற்றுக்குள்ளே போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர் ஒரு பக்கம், விரலுக்குத் தெரிகிற தண்ணீர் எதிர்ப்பக்கம். எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. ஈயத்தைத் தூக்கிக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். மறுபடியும் அதே. மூன்றாவது முறையும் போட்டுப் பார்த்தேன்.

"மேல்தண்ணி போவுது, அடித்தண்ணி வருது" என்றார் அவர். "மழைத்தண்ணி லேசு, அது மேல மெதக்கும். கடத்தண்ணி கனம், அது பாய்க்கு அடியில பூந்து வர்றாப்ல அடியில வரும். கொடுவா எங்க கெடக்கு? அடியில. அதுக்கு எப்பவோ தண்ணி திரும்பியாச்சி. உனக்குத்தான் இன்னும் திரும்பல."

ஈயத்துக்கு மேல் ஒன்றரை முழம் விட்டு முள்ளைக் கட்டி, இறாலின் வால் பக்கம் உயிர் போகாமல் குத்தி, எனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே போட்டார். நாலரை மணிக்குள் அவருக்கு ஒன்றரைக் கிலோ வரும் ஒரு கொடுவா. எனக்குச் செம்பல்லி ஒன்று, உள்ளங்கை நீளம்தான். மேல்தண்ணீர் முழுதாக நின்று, குப்பையும் நுரையும் தயங்கி, பிறகு உள்ளே திரும்பியபோது ஐந்து மணியை நெருங்கிவிட்டது. அதற்குள் பெரியவர் நரம்பைச் சுற்றிக்கொண்டு எழுந்துவிட்டார். "இனிமே கெளுத்திதான் அடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கெளுத்திதான் அடித்தது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகையில்லை. பன்னிரண்டு வருடமாக ஆற்றின் மேல் தோலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு தேடிப் படித்தபோது, நம் மாவட்டத்திலேயே இதை அளந்து பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்று முகத்துவாரத்தின் கரையிலேயே இருக்கிறது. டயர், ராமமூர்த்தி என்ற இருவர் வெள்ளாற்றின் உப்பையும் நீரோட்டத்தையும் ஆழம் ஆழமாக அளந்து 1969இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். மழைக்குப் பிந்தைய மாதங்களில் மேலே நல்ல தண்ணீரும் அடியில் ஆப்பு மாதிரி நுழையும் உப்புத் தண்ணீரும் தனித்தனியாக நடப்பது முகத்துவாரங்களின் பொதுவான இயல்பு. கோடை ஏறி ஆற்று நீர் வற்றினால் இரண்டும் கலந்து ஒரே தண்ணீராகிவிடும். அப்போது மேலே பார்ப்பதும் அடியில் நடப்பதும் ஏறக்குறைய ஒன்றே. பெரியவரின் பாடம் சித்திரையில் இந்த அளவுக்குப் பொருந்தாது. அவரிடம் கேட்டபோது அதையும் அவர் தெரிந்தே வைத்திருந்தார்: "வெயில் காலத்துல ஆறு கடலாட்டம்தான். அப்ப கண்ணே போதும்."

ஒரு முழத்தின் கணக்கு

ஆப் பொய் சொல்லவில்லை. அது சொன்னது கடலின் உயரம். நான் தேடியது ஆற்றின் ஓட்டம். இரண்டையும் ஒன்றென்று நினைத்ததுதான் என் தவறு. கடல் மட்டம் தாழ்ந்து நிற்கும் நேரத்தில் ஆற்றுக்குள் தண்ணீர் இன்னும் உயரமாகவே இருக்கும். குறுகிய வாய் வழியாக அது வடிந்து தீர வேண்டும். கடல் மேலேறி, உள்மட்டத்தைப் பிடித்து, அதைத் தாண்டினால்தான் ஓட்டம் திரும்பும். வாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு தாமதம். ஒரே ஆற்றில் முகத்துவாரத்தில் ஒரு நேரம், இரண்டு கிலோமீட்டர் உள்ளே இன்னொரு நேரம். அதனால் இந்த நேரக் கணக்கை யாரும் யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. நிற்கிற இடத்தில் நின்று, பல நாள் பார்த்து, அவரவரே கட்டிக்கொள்ள வேண்டியது. நான் ஒரு நோட்டில் எழுதுகிறேன். என் இடத்தில் மார்கழி, தை மாதங்களில் மேல்தண்ணீர் திரும்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம், பங்குனியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். உங்கள் இடத்தில் வேறாக இருக்கும்.

இனி அந்த "ஒரு முழம்தானே" என்ற பேச்சுக்கு வருகிறேன், அதுதான் எனக்கு மிகவும் உறுத்துவது. சதுர கிலோமீட்டர் ஒன்று பரப்புள்ள உப்பங்கழி இருக்கிறது என்று வையுங்கள். அதில் தண்ணீர் அரை மீட்டர் ஏறினால் போதும், ஐந்து லட்சம் கன மீட்டர், அதாவது ஐம்பது கோடி லிட்டர். அவ்வளவும் ஆறு மணி நேரத்துக்குள் ஒரு வாய் வழியாக உள்ளே வந்து, அடுத்த ஆறு மணி நேரத்தில் வெளியே போக வேண்டும். அதுவும் சீராக நடப்பதில்லை. முதல் ஒரு மணி நேரம் சோம்பல், கடைசி ஒரு மணி நேரம் சோம்பல். நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதித் தண்ணீர் நகர்ந்துவிடும். ஏணி வைத்து அளக்கிற உயரம் ஒரு முழம்தான். வாயில் நிற்கிறவனுக்கு அது ஆறு.

பிச்சாவரம், கிள்ளைப் பக்கம் போனால் இது கண்ணுக்கே தெரியும். தேவனாம்பட்டினம் மாதிரியான சரிவுள்ள மணற்கரையில் பத்தடிக்கு ஓரடி சரிவு இருந்தால், முக்கால் மீட்டர் ஏற்றம் நீர் விளிம்பை ஏழெட்டு மீட்டர் மேலே தள்ளும். சேற்றுத் திட்டில் நூறடிக்கு ஓரடிதான் சரிவு. அதே முக்கால் மீட்டர் அங்கே எழுபத்தைந்து மீட்டர் தூரத்துக்குப் புது நிலத்தை மூடுகிறது. அந்தச் சேற்றின் மேல் வெயிலில் படர்ந்த பாசியை மேய மடவைக் கூட்டம் தண்ணீரின் விளிம்போடு விளிம்பாக ஏறி வரும். முதுகு தெரியத் தெரிய வரும். வற்று தொடங்கியதும் அலையாத்தி வேர்களுக்குள் இருந்த இறாலும் பொடிமீனும் சிறு வாய்க்கால்கள் வழியாக வெளியே வந்தாக வேண்டும், வேறு வழியில்லை. வாய்க்கால் பெரிய ஆற்றில் சேருகிற முனையில், ஓட்டம் முட்டித் திரும்புகிற சுழலில், ஓட்டத்துக்கு எதிர்முகமாகக் கொடுவா நிற்கும். துரத்துவதில்லை. வாயைத் திறந்தால் தீனி வந்து விழுகிற இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நின்ற தண்ணீரில் தீனி எந்தப் பக்கமிருந்தும் வராது, இரையின் வாசனையும் முள்ளைச் சுற்றியே கிடக்கும். தண்ணீர் நிற்கும்போது மீன் அடிக்காததற்கு இதைவிடப் பெரிய ரகசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கிள்ளையில் இருளர் பெண்கள் கையால் தடவி இறால் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓலையில் பின்னிய பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் தவழ்ந்தபடி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே போவார்கள். நான் விரல் நுனியில் ஒரு நிமிடம் உணர்ந்ததை அவர்கள் உடம்பு முழுக்க நாளெல்லாம் உணர்கிறார்கள். எந்த நேரத்தில் எந்த வாய்க்காலில் இறங்குவது, எப்போது கரையேறுவது என்பதெல்லாம் அந்த உடம்புக்குத் தெரிந்த கணக்கு. வற்றிய ஓடையில் கிடைக்கிற இறால், நீர் மார்பைத் தாண்டி ஏறிவிட்டால் கிடைக்காது. அவர்களிடம் போய் "நம்ம பக்கம் ஓதமே இல்லை" என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

கொடுவாவின் பிறப்பே ஓதத்தின் கையில்தான் இருக்கிறது. முட்டையிட அது முகத்துவாரத்துக்கு இறங்கி வருகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, ஏறுகிற தண்ணீரில் முட்டை விடுகிறது. உப்பு இருந்தால்தான் முட்டை பிழைக்கும், கழிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் குஞ்சு பிழைக்கும். இரண்டையும் ஏற்றம் ஒன்றாக நடத்திக்கொடுக்கிறது. சின்ன வயதில் ஆணாக இருந்து பெரிதான பின் பெண்ணாக மாறும் மீன் அது. நாம் பெருமையாகப் படம் எடுத்துக்கொள்ளும் பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் தாய்மீன்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அமாவாசையை ஒட்டி முகத்துவாரத்தில் பெரிய மீன் அடித்தால் அவிழ்த்து விட்டுவிடுகிறேன். நண்பர்களுக்குக் கோபம் வருகிறது. என்னால் வேறு மாதிரி செய்ய முடியவில்லை.

வாய் அடைத்தால்

ஓதம் சின்னது என்பதால் மற்றதெல்லாம் பெரிதாகிவிடுகிறது. எனக்கு இந்தக் கரையைப் பற்றிப் புரிந்ததில் முக்கியமானது இதுதான். பத்து மீட்டர் ஏறி இறங்குகிற இடத்தில் காற்று கொஞ்சம் அப்படி இப்படி அடித்தால் கடல் கண்டுகொள்ளாது. ஒரு மீட்டர் கரையில் கிழக்குக் காற்றான கொண்டல் இரண்டு நாள் விடாமல் அடித்தால் வற்றே காணாமல் போய்விடும். ஆறு மழைத்தண்ணீரைக் கொண்டுவந்தால் ஏற்றம் மேலே தெரியாது. வங்கக் கடலின் இந்தப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கடல் மட்டமே கொஞ்சம் உயர்ந்து நிற்கும். கரையோர நீரோட்டம் மாசி முதல் வைகாசி வரை வடக்கே போகும், ஐப்பசி தொடங்கியதும் தெற்கே திரும்பும். வீராம்பட்டினம் கடற்கரையில் கிழங்கானுக்குத் தூண்டில் போடுகிறவர்களுக்கு இதற்குப் படிப்பு தேவையில்லை. பங்குனியில் எறிந்த ஈயம் இடது கைப் பக்கம் நகரும், கார்த்திகையில் வலது கைப் பக்கம். ஆனியில் தெற்கத்திக் காற்றான சோழகம் தொடர்ந்து அடிக்கும்போது மேல்தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிவிட்டு அடித்தண்ணீர் குளிர்ந்து மேலே வரும் நாட்களும் உண்டு. வெயிலில் கால் சுடுகிற மணலிலிருந்து இறங்கினால் தண்ணீர் சில்லென்று இருக்கும். அன்றைக்கு மணியைப் பார்த்து என்ன பயன்?

எல்லாவற்றையும்விடப் பெரிது வாய். வாய் திறந்திருந்தால்தான் ஓதம். புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் 1980களின் பின்பாதியில் துறைமுகத்துக்காக இரண்டு கல்தடுப்புகள் கட்டினார்கள். நம் கரையில் வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் அலை மணலை வடக்கே நகர்த்துகிறது. வாடைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பினாலும் கூட்டிக் கழித்தால் மிச்சம் வடக்கேதான். நடந்து போகிற மணலுக்குக் குறுக்கே கல் போட்டதும் தெற்கே திட்டு வளர்ந்தது, வடக்கே கரை கரைந்தது. கடற்கரைச் சாலையில் மணலே இல்லாமல் கருங்கல் மட்டும் கிடந்த காலத்தில்தான் நான் புதுச்சேரிக்கு வேலைக்கு வந்தேன். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று கரை தின்னப்பட்டுக்கொண்டே போய்க் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் வரை அந்த அரிப்பு நகர்ந்தது. கரைவலை இழுக்க முதலில் கரை வேண்டும். நாற்பது பேர் கயிற்றைப் பிடித்துப் பின்னால் நடக்க இடமில்லாத ஊரில் அந்த வலை என்ன ஆகும்? தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஆப்பு வடிவத் திட்டு ஒன்றை 2018 வாக்கில் அமைத்த பிறகு அந்தப் பகுதியில் மணல் திரும்பி வந்தது. அங்கே குழந்தைகள் மணலில் விளையாடுவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சிதான். வடக்கே இருக்கிற குப்பங்களுக்கு அந்த மகிழ்ச்சி இன்னும் போய்ச் சேரவில்லை.

துறைமுகத்தின் வாயிலும் மணல் சேர்கிறது. தூர்வாருகிறார்கள், மறுபடி சேர்கிறது. தேங்காய்த்திட்டிலிருந்து விசைப்படகுகள் வெளியே போக ஏற்றத்துக்குக் காத்துக்கிடக்கும் நாட்களை நேரில் பார்த்திருக்கிறேன். மீன் நிறைந்த படகு வாய்க்கு வெளியே நங்கூரம் போட்டு, ஒரு முழம் தண்ணீர் ஏறுவதற்காக, ஐஸ் உருக உருக நிற்கும். ஒரு மீட்டர் ஓதம் ஒன்றுமில்லை என்று அந்தப் படகோட்டிக்குத் தோன்றுமா? மீனுக்கும் அதே வாய்தான். மணல் மூடிய முகத்துவாரத்துக்குள் ஏற்றமும் இல்லை, வற்றும் இல்லை. வெளியே முட்டையிட்டது உள்ளே வர முடியாது, உள்ளே வளர்ந்த இறால் கடலுக்குப் போக முடியாது. கோடையில் அப்படி மூடிக் கிடந்த ஒரு சிறிய கழிமுகத்தில் நாள் முழுக்கத் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீர் பச்சையாகிக் குளம் மாதிரி நின்றது. மூன்றே அடி மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஆணி

பெரியவரை அதற்குப் பிறகு பல ஞாயிறுகள் சந்தித்தேன். ஒரு நாள் ஆப்பை அவருக்குக் காட்டினேன். அலை அலையாக ஏறி இறங்கும் அந்தக் கோட்டைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நேரம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, அது அவருக்கு நிலாவைப் பார்த்தாலே தெரியும். "எல்லா அமாவாசையும் ஒண்ணில்ல தம்பி. ஒரு அமாவாசைக்கு கொட்டாய் வாசப்படி வரைக்கும் வரும், ஒண்ணுக்கு கீழயே நின்னுடும். எது வரும்னு இது சொல்லுமா?" என்றார். சொல்லும் என்றேன். நிலா பூமிக்கு நெருங்கி வருகிற மாதம் ஏற்றம் கூடும், விலகிப் போகிற மாதம் குறையும். நாங்கள் முதன்முதலில் பார்த்த அந்த மார்கழி அமாவாசையே நிலா மிக நெருங்கியிருந்த அமாவாசைதான். அவர் ரொம்ப நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலைக் கொட்டகை கரையிலிருந்து நாலு எட்டு தூரம். ஐப்பசி மழையும் பெரிய ஏற்றமும் ஒரே நாளில் வந்தால் ஆறு வடிய இடமில்லாமல் உள்ளே புகுந்துவிடுகிறது.

"அப்ப நம்பரைச் சொல்லு, பாத்துடுவோம்" என்றார்.

புரட்டாசிப் பௌர்ணமியன்று காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். படகு கட்டும் மரக்கம்பத்தில், தண்ணீர் ஏறி நின்று அசையாமல் இருந்த நேரத்தில், ஈரத்தின் கோட்டிலேயே ஓர் ஆணி அடித்தார். ஆப் காட்டிய நீர்மட்ட எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டேன். பிறகு வரப்போகும் நாட்களில் அதே எண் எப்போது வருகிறது என்று தேடினோம். கார்த்திகையில் ஓர் அமாவாசையைக் காட்டியது. "அன்னைக்கு ஆணிக்குத் தண்ணி வரணும்" என்றார். "வரும்" என்றேன்.

அந்த அமாவாசைக்கு முந்தைய இரண்டு நாளும் கொண்டல் அடித்துக்கொண்டிருந்தது. மழை விட்டு விட்டுத் தூறியது. காலை ஒன்பதுக்குக் கம்பத்தருகே இருவரும் முழங்கால் தண்ணீரில் நின்றோம். ஆணி கண்ணில் படவில்லை. அவர் கம்பத்தைத் தடவிக்கொண்டே கையைக் கீழே இறக்கினார். ஆணி தட்டுப்பட்டதும் அதற்கு மேல் விரலை ஒட்டி வைத்து அளந்தார். நாலு விரல்.

பழைய ஆணியை அவர் பிடுங்கவில்லை. இப்போது ஈரம் நின்ற கோட்டில் இரண்டாவதாக ஒன்று அடித்தார். பிறகு கொட்டகைக்குள் போய், தரையில் கிடந்த மாப்பு வலை மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பரண்மேல் ஏற்றி வைத்தோம்.